நான் இழைத்துவிட்ட ஓடம்

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருநின்றவூர் பக்கம் செங்கல் சூளை, நெல்லூரில் ஒரு வருஷம் இறால் குட்டை என்று எங்கேயும் கால் தரிக்காமல் சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். மரத்தூள் மூட்டைகளின் மேல்தான் படுக்கை. மார்கழிக் குளிருக்கு அதைவிடக் கதகதப்பான இடம் கிடையாது. மூக்கில் தூள் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றின் மேல்.

ஒரு நாள் மில்லுக்கு ஒரு பெரியவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை, பை நிறைய நோட்டுப் புத்தகங்கள். அறுக்க வருகிற மரங்களில் பழைய ஓடம் ஏதாவது வருமா என்று கேட்டார். மெட்ராஸைச் சுற்றியிருக்கும் ஏரிகளில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தனவாம். எந்த ஊரில் எத்தனை மிச்சம் இருக்கிறது, என்ன மரம், யாருடையது, எத்தனை தலைமுறை பழசு என்று தேடி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

எங்கள் முதலாளி என்னைக் கைகாட்டினார். "இவனைக் கூட்டிக்கினு போங்க சார். இவன் சுத்தாத ஏரிக்கரை கிடையாது. எப்படியும் ஒரு இடத்துல நிக்க மாட்டான், உங்களுக்காவது பிரயோஜனப்படட்டும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடன் அலைந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. சேக்காட்டில் ஒரு வீட்டில் ஓடத்தைப் பாதியாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியாக வைத்திருந்தார்கள். பூந்தமல்லி போகிற வழியில் ஒரு தோட்டத்தில் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே கோழி அடைத்திருந்தார்கள். நான் ஒரு ஓரத்தில் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்து மா, இலுப்பை, புங்கை என்று சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். நான் சொன்னதை ஒரு படித்த மனிதர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இப்படிச் சுற்றும்போதுதான் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் ஒரு ஏரியில், இன்னும் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த ஓடம் ஒன்றைப் பார்த்தோம். ஏரியின் பேர் வேண்டாம். கரையில் பதினோரு குடும்பங்கள் மீன் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தன. மற்ற ஓடங்கள் எல்லாம் பலகை அடித்தவை, பழையது அந்த ஒன்றுதான். அதை மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். புருஷன் செத்த பிறகு ஓடமும் வலையும் அவர் கைக்கு வந்திருந்தன. ஒரு பெண் தனியாக ஓடம் விட்டு வலை போட்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கரையேறியதும் நான் ஓடத்தை முகர்வதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மீன் வாசனை அவ்ளோ புடிக்குமா?" என்றார்.

இலுப்பை மரம். பன்னிரண்டு அடி நீளம். ஓடத்தின் மூக்கில், உள்பக்கமாகத் தட்டையாக விட்டிருந்த இடத்தில், வரிசையாகக் குழிகுழியாய் ஏதோ அடித்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றும் மேல்நோக்கிய ஒரு அம்புக்குறி, அதன் கீழே எண். வெள்ளைக்காரன் காலத்தில் ஏரியில் ஓடம் விட லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம், மதகைத் திறந்து மூடுகிற சர்க்கார் ஆளான லஸ்கர், முத்திரை வெட்டின இரும்புச் சுத்தியலால் ஓடத்தின் மூக்கில் ஓங்கி ஒரு அடி அடிப்பாராம். அப்படி ஒன்பது அடி அந்த ஓடத்தில் இருந்தது. பெரியவர் வெள்ளைக் காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அம்பும் எண்ணும் அப்படியே காகிதத்தில் ஏறின. எனக்கு வித்தை மாதிரி இருந்தது.

அக்காவுக்கு அந்தக் குறிகளைப் பார்த்துப் பழக்கம்தான், அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. ஏனென்றால் அந்த மாதம்தான் ஏரியின் மீன் குத்தகையை ஏலம் விடப்போவதாக சர்க்கார் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் என்று நிரூபித்தால் அவர்களுக்கே முதல் உரிமை. நிரூபிக்க முடியாவிட்டால் ஏலம். வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் ஏற்கெனவே கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஏலம் விட்டால் பதினோரு குடும்பமும் அவரிடம் கூலிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும்.

"சார், நீங்க வந்து இதை ஆபீசராண்ட சொல்லுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"நிச்சயமா வர்றேன்மா. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்றார் பெரியவர். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

விசாரணைக்கு ஆபீசர் கரைக்கே வந்து ஓடத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஆபீசர் வருகிறார் என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள், பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுவார்கள். அதேபோல் ஓடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பாசி, மீன் செதில், பழைய எண்ணெய் எல்லாம் ஏறி அது கன்னங்கரேலென்று இருந்தது. நான்தான் மரவேலை தெரிந்தவன். மில்லில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு இழைப்புளியும் மரம் செதுக்குகிற வாய்ச்சியும் எடுத்துக்கொண்டு போனேன்.

வளைந்த இடங்களை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மூக்கில் இருந்த தட்டையான இடம் இழைப்புளிக்கு வாகாக இருந்தது. அங்கே குறிகள் இருப்பது தெரிந்துதான் இழைத்தேன். அதான் காகிதத்தில் ஏறிவிட்டதே, அதான் பெரியவர் வந்து காட்டப்போகிறாரே என்று நினைத்தேன். அரைகுறையாய்ப் படித்தவனுக்குக் காகிதத்தின் மேல் இருக்கிற பக்தி முழுசாய்ப் படித்தவனுக்கு இருக்காது. மரத்தில் இருந்தால் அழுக்கு, காகிதத்தில் இருந்தால் ஆதாரம் என்று என் மண்டையில் எப்படியோ பதிந்திருந்தது. இழைத்து முடித்தபோது இலுப்பை தேன் நிறத்தில் மின்னியது. கரையில் எல்லோரும் வந்து தடவிப் பார்த்தார்கள். அக்கா எனக்குச் சுடச்சுட விரால் குழம்பு போட்டார். தண்ணீர் ஏறாமல் இருக்க மரத்துக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெயை ஆபீசர் பார்த்துவிட்டுப் போன பிறகு பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார், கூடவே கான்ட்ராக்டரும். பெரியவர் வரவில்லை. பஸ் தாமதமாக இருக்கும் என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் ஓடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இதுவா நூறு வருஷத்து ஓடம்?"

கான்ட்ராக்டர் சிரித்தார். "நேத்துப் பொறந்த மாதிரி கீதே சார். தொட்டில்ல போட்டு பேர் வெச்சுட்டுப் போலாம் வாங்க."

"மூக்குல சர்க்கார் சுத்தி அடி இருந்துச்சு சார். ஒம்போது அடி. இந்தத் தம்பிகூட பாத்துச்சு" என்றார் அக்கா.

"எங்கே?"

அக்கா என்னைப் பார்த்தார். சுத்தம் செய்வதற்காக இழைத்தேன் என்று சொன்னபோது ஆபீசரும் சிரித்துவிட்டார். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் பார்க்கலாமே என்று கரையிலிருந்து யாரோ கேட்டார்கள். "அந்தக் காலத்து ரிஜிஸ்டர் எல்லாம் ஏது? எல்லாம் செல்லரிச்சுப் போச்சு. ஒரு வாரம் டைம் தர்றேன். ஆதாரம் இருந்தா ஆபீசுக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா ஏலம்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே ரயிலேறி சிட்டியில் பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன். கேட்டுக்கு உள்ளே வரச் சொன்னார், வீட்டுக்கு உள்ளே வரச் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வேலை வந்துவிட்டதாம்.

"இப்பவாவது வாங்க சார். இன்னும் ஆறு நாள் கீது" என்றேன்.

"இங்க பாருப்பா, இதெல்லாம் தகராறு. நான் ஆராய்ச்சி பண்றவன். நாளைக்கு நானே அந்த ஆபீஸ்ல போய்ப் பழைய ரிக்கார்டு பாக்கணும். அவங்களைப் பகைச்சுக்கிட்டா என் வேலை நின்னுடும்."

"அந்தப் பென்சில் காகிதத்தையாவது குடுங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டு இப்பவே குடுத்துடறேன்."

"கட்டுரை வெளிவர்ற வரைக்கும் யார் கையிலயும் தர்றதில்லை. உனக்கு அது புரியாது. எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

காபி கொடுக்கச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்தக் காபி இறங்கியிருக்காது. அந்தக் குறிகள் அவருடைய பாட்டன் ஓடத்திலா இருந்தன? பதினோரு குடும்பத்தின் சொத்தைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினவர், என் படிப்பைக் கேட்கிறார்.

ஏரிக்கரைக்குப் போய் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். எல்லாம் என்னால்தான் என்றும் சொன்னேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"உன்னைக் கூப்ட்டு இழைக்கச் சொன்னது நானு. திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டணும். அதுக்கு இப்ப நேரம் இல்ல. வேற இன்னா வழி கீது, அதைச் சொல்லு" என்றார்.

வழி எதுவும் தெரியாமல் மில்லுக்குத் திரும்பினேன். அங்கே ரம்பம் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், முன்னால் மலைப்பக்கம் மர டிப்போவில் இருந்தவர். நான் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்மேல் கட்டையை எறிந்திருப்பேன்.

"டேய், மரம் திருடறவன் எல்லாம் இன்னா பண்ணுவான் தெரியுமா? ஃபாரஸ்ட்காரன் சுத்தி அடிச்ச இடத்தை இழைச்சுட்டு லாரியில ஏத்துவான். ஃபாரஸ்ட்காரன் இன்னா பண்ணுவான்? கொதிக்கிற தண்ணிய ஊத்துவான். சுத்தி அடிச்சா மேல்மரம் மட்டுமா நசுங்குது? உள்ள வரைக்கும் நசுங்கும். நீ மேல இழைச்சுட்டே, நசுங்கினது உள்ள அப்படியே கெடக்குது. சூடா தண்ணி குடிச்சா அது உப்பிக்கினு மேல வரும். குழியா இருந்த எழுத்து மேடா எழும்பும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இரு. எண்ணெய் பூசினியா?"

"இல்லண்ணே."

"அப்பத் தப்பிச்சே. எண்ணெய் குடிச்சிருந்தா தண்ணி ஏறாது. ஆனா வூட்டாண்ட ஊத்திப் பாக்காதே. மொதத் தரம்தான் நல்லா எழும்பும். அந்த ஆபீசர் கண்ணெதிர்லயே ஊத்து."

எத்தனை ஆழம் இழைத்தேன் என்று எனக்கே தெரியாது. குறி எழும்பாவிட்டால் எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை அவமானப்பட வேண்டும், ஏரியும் போய்விடும். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு மீன்பாடி வண்டியை வாங்கிவந்து ஓடத்தை அதன்மேல் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டார்.

ஏழாவது நாள் காலையில் அந்த மூன்று சக்கர வண்டியை நாங்கள் எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு போனோம். ஓடம் வண்டிக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆவடி மார்க்கெட்டில் பஸ் எல்லாம் நின்று வழி விட்டன. "மழைக்கு இப்பவே ரெடியா அண்ணாத்தே?" என்று ஒரு கண்டக்டர் கத்தினார்.

ஆபீசுக்கு எதிரில் ஒரு டீக்கடை. கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் வண்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா மாமே, ஓடத்துக்கு டீயா? சக்கரை போடணுமா, வாணாமா?" விஷயத்தைச் சொன்னதும் பாய்லரில் இருந்ததை முழுக்க ஒரு வாளியில் திறந்துவிட்டார். காத்திருந்த ஆட்களிடம், "டீ கால் மணி நேரம் கழிச்சு. இப்ப வேடிக்கை பாருங்க" என்று சொல்லிவிட்டு அவரும் கூடவே வந்தார்.

பியூன் காம்பவுண்டுக்குள் விட மாட்டேன் என்றான். ஆதாரத்தைக் கொண்டுவரச் சொன்னது உங்கள் ஆபீசர்தான், இதுதான் ஆதாரம், இது கதவு வழியாக நுழையாது, அவரை வரச் சொல் என்று அக்கா சத்தம் போட்டார். சத்தம் கேட்டு ஆபீசரே வராந்தாவுக்கு வந்தார். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் நான் மூக்கின் மேல் கோணித் துணியை மடித்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஆரம்பித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. வாளி காலியாகிற வரை ஊற்றிவிட்டுத் துணியை எடுத்தேன்.

ஒன்றும் இல்லை. மரம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

"சரி, எடுத்துட்டுப் போங்க" என்றார் ஆபீசர்.

"இன்னொரு வாளி" என்றார் அக்கா. டீ மாஸ்டர் ஓடினார். இரண்டாவது வாளியை ஊற்றினோம். அக்கா குனிந்து உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார், கை பொறுக்காத சூட்டில். திடீரென்று கை நின்றது. விரலை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினார். பிறகு கையை எடுத்தார். ஒரு அம்பின் முனை, அம்மை வடு உப்பினாற்போல் மேடாக எழுந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சில எண்கள் அரைகுறையாக வந்தன. ஆனாலும் ஒன்பதில் ஆறு குறிகள் எண்ணோடு தெளிவாகத் தெரிந்தன.

ஆபீசர் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பியூனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

இனி நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. செல்லரித்துப் போய்விட்டது என்று கரையில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னாரே, அந்த ரிஜிஸ்டர் அரை மணி நேரத்தில் வந்தது. தூசிதான் இருந்தது, ஒரு செல்கூட இல்லை. பின்கட்டு பீரோவில் சிவப்புத் துணியில் கட்டி வைத்திருந்தார்களாம். ஓடத்தில் இருந்த எண்ணை வைத்துப் பக்கத்தைப் புரட்டினார்கள். அக்காவின் மாமனாருடைய தாத்தா பேர், ஏரியின் பேர், ஓடத்தின் நீளம், இலுப்பை மரம் என்பதுகூட எழுதியிருந்தது. அதே பக்கத்தில் கரையில் இருந்த மற்றக் குடும்பங்களின் பெரியவர்கள் பேர்களும் வரிசையாக இருந்தன. பீரோவைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டோ, வேறு எதற்காகவோ, ஒரு ஏரியையே தூக்கிக் கொடுக்க இருந்தார்கள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் ஆபீசர்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருந்தது. "நாங்க வாயால சொன்னப்ப சிரிச்சீங்க சார். மரம் சொன்னாத்தான் உங்களுக்குக் காது கேக்குது."

ஏலம் நின்றது. குத்தகை பதினோரு குடும்பத்துக்கே வந்தது. அன்றைக்கு எல்லோரும் குதித்துக் கூத்தாடினார்கள். அக்கா மட்டும் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோஷத்தைவிட ரோஷம்தான் அதிகமாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

சில மாதங்கள் கழித்து முதலாளி ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார். பெரியவரின் கட்டுரை வந்திருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசாகப் படித்தேன். பென்சிலால் தேய்த்த அம்புகளை அழகாக அச்சடித்திருந்தார்கள். ஓர் ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த ஓடத்தைத் தாம் கண்டெடுத்ததாக எழுதியிருந்தார். அக்கா இல்லை, பதினோரு குடும்பம் இல்லை, அதில் அன்று காலை பிடித்த மீன்கூட இல்லை. விரால் துள்ளிக்கொண்டிருந்த ஓடத்துக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்து எடுத்த காகிதம் அது. கேட்பாரற்றுக் கிடந்ததாம்!

அந்தப் பத்திரிகையை அக்காவிடம் காட்டவில்லை. சீக்கிரமே அந்த மில்லை விட்டும் போய்விட்டேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அந்த ஓடத்தை இழைத்த கை என்னுடையது என்பதை மறந்ததில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் யாராவது நின்றுகொண்டு, "நாங்க இங்கியே இருக்கறவங்க சார்" என்று சொல்வதைக் கேட்டால், கையில் காகிதம் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை, முதலில் நம்பிவிடுகிறேன்.